கையெழுத்துப் போடாத சட்ட மேதை

ஊருக்கு ஒரு கோர்ட்டு போதாது என்று கடவுளுக்கே தோன்றியிருக்க வேண்டும். அதனால்தான் எங்கெல்லாம் பத்திர ஆபீஸ் இருக்கிறதோ, அதற்கு எதிரில் ஒரு டீக்கடையையும், அந்த டீக்கடை பெஞ்சில் ஓர் இலவச சட்ட ஆலோசகரையும் படைத்து உட்காரவைத்திருக்கிறார். இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். கக்கத்தில் ஒரு ரெக்சின் பை இருக்கும். நீங்கள் மனை வாங்கினாலும் சரி, மளிகைக்கடை வைத்தாலும் சரி, நல்லாயிருங்கள் என்று சொல்லும் முன்பே "வில்லங்கம் போட்டுப் பாத்தியா?" என்பார். பார்த்துவிட்டேன் என்றால் அவர் முகம் வாடிவிடும். ஆனால் வாட்டம் நீடிக்காது. "எத்தினி வருஷத்துக்குப் பாத்த?" என்ற அடுத்த கேள்வி தயாராக இருக்கும்.

செஞ்சியில் இந்த இனத்தின் அசல் உருப்படி சுந்தரமூர்த்தி.

சட்டம் படித்தவரா? இல்லை. பத்தொன்பது வருடம் வாய்தாவுக்கு நடந்தவர். அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே உள்ள ஒன்றரை அடிச் சந்து யாருக்குச் சொந்தம் என்று வழக்கு. ஜெயித்துவிட்டார். தீர்ப்பு நகலைப் பையில் வைத்துக்கொண்டு, கழுத்தில் மாலையுடன் சந்துக்குள் நுழையப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. பத்தொன்பது வருடத்தில் சந்து அப்படியேதான் இருக்கிறது, இவர்தான் பெருத்துவிட்டார். பக்கவாட்டில் திரும்பியும் பார்த்தார், மூச்சை இழுத்துப் பிடித்தும் பார்த்தார், நடக்கவில்லை. இன்றைய தேதிக்கு சந்து இரண்டு பூனைகளின் அனுபோகத்தில் இருக்கிறது.

அவர் ஊருக்குச் சொல்வது இரண்டே இரண்டு. சொத்து வைத்திருப்பவன் எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது. கடை வைப்பவன் எதையும் எழுதி வாங்காமல் விடக் கூடாது. தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், இரண்டும் எவ்வளவு நியாயம்! மூன்றாவதாக ஒன்று சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தார். எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். கூரியர் வந்தால்கூட மனைவி கமலாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்துதான் போட வேண்டும்.

இன்னொரு குணமும் உண்டு. வந்தவர் சொல்வதில் முதல் வாக்கியம் மட்டுமே அவர் காதில் விழும். இரண்டாவது ஆரம்பிப்பதற்குள் ஆலோசனை ஆரம்பித்துவிடும். பெயர், ஊர், தெரு எல்லாம் அவருக்கு வேண்டாத சங்கதிகள். போன மே மாதம் அவரை மாட்டிவிட்டது இந்தக் குணம்தான்.

ஜெயசுதா வீட்டில் வைத்துத் துணி தைப்பவள். ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை முழுக்க அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் முதல் தேதிக்குள் கடை போட்டு நாலு மெஷின் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். மெஷினுக்கு பேங்கில் லோன் கேட்டாள். கடைக்கு வாடகை ஒப்பந்தம் கொண்டு வா என்றார்கள். திண்டிவனம் ரோட்டில் ஓர் அறை பார்த்தாள். அதற்கு மேல் அவள் பேசாமல் இருந்திருக்கலாம். சுந்தரமூர்த்தியைக் கேட்டாள்.

"சார், கடைக்கு ஒரு ரூம் பாத்துக்கிறேன். ஓனரு நல்ல மனுஷன், தொண்டூர்ல..."

"நல்ல மனுஷன்னா இன்னாம்மா, எழுதிக் குடுத்துட்டாரா?"

"வாயால சொல்லிக்கிறாரு சார்."

"வாய் கோர்ட்டுல நிக்காது. மூணு வருஷத்துக்கு அக்ரிமெண்ட் கேளு. பட்டா ஜெராக்ஸ் கேளு. தாய்ப்பத்திரம் கேளு. அந்த ரூம் அவரோடதுதானான்னு மொதல்ல உனக்குத் தெரியுமா?"

ஜெயசுதாவுக்கு அதுவரை அந்தச் சந்தேகம் இல்லை. இப்போது வந்துவிட்டது. இந்த இனத்தின் கைராசி அப்படி.

அடுத்த வெள்ளிக்கிழமை, சந்தைக்கு வந்த தொண்டூர் பச்சைமுத்து அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வேர்க்கடலை போட்டுப் பிழைக்கிற மனுஷன். பத்து வருடச் சேமிப்பில் செஞ்சியில் கட்டியது அந்த ஒரே அறை.

"சார், வாடகைக்கு வந்த பொண்ணு திடீர்னு தாய்ப்பத்திரம் கேக்குது. நல்ல பொண்ணுதான், தையல்..."

"தாய்ப்பத்திரமா!" சுந்தரமூர்த்தி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "குடுத்துடாதய்யா! பதினோரு மாசத்துக்கு மேல ஒருநாள்கூட எழுதாத. ஏழு நாள்ல காலி பண்ணணும்னு ஒரு ஷரத்து போடு. புருஷன் கையெழுத்து, அண்ணன் கையெழுத்து, ரெண்டும் கேளு."

உங்களுக்கு விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கவில்லை.

மறுவாரம் ஜெயசுதா வந்து, ஏழு நாள் ஷரத்து கேட்கிறார்கள் என்று கண்ணைக் கசக்கினாள். சுந்தரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் சாதாரண ஆள் இல்லை என்று அவருக்குப் பட்டது. முப்பது வருட வில்லங்கச் சான்று கேள் என்று திருப்பி அடித்தார். பச்சைமுத்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சுந்தரமூர்த்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெள்ளைச் சட்டையில் யார் போனாலும், எதிர்த்தரப்பு ஆலோசகன் இவனாக இருக்குமோ என்று உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்சம் பொறாமை, நிறைய மரியாதை.

"கமலா, எதிர்த்தரப்புக்கு எவனோ வெவரமானவன் உக்காந்து சொல்லிக் குடுக்குறான். என் மனசுல நெனைக்கிறத அங்கேர்ந்து சொல்றான்னா பாரேன்!"

"உங்கள மாதிரியே இன்னொருத்தரா?" என்றாள் கமலாம்பாள். "ஊர் தாங்காதே."

மாதத்தின் கடைசி வெள்ளி வந்தது. அன்று பேங்க் மூடுவதற்குள் ஒப்பந்தம் போய்ச் சேராவிட்டால் லோனும் இல்லை, ஆர்டரும் இல்லை. ஜெயசுதா கடைசியாக ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று டீக்கடைக்கு வந்தாள். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் அறையை நினைத்து வயிறு எரிந்த பச்சைமுத்துவும் வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் சுந்தரமூர்த்தியைப் பார்த்தார்கள்.

"நீ இங்க இன்னாம்மா பண்ற?"

"எனக்கு யோசன சொல்றவரு இவருதாங்க."

"எனக்கும் இவருதாம்மா!"

டீ ஆற்றிக்கொண்டிருந்த பூவாயி சிரித்துவிட்டாள். "மூணு வாரமா எனக்குத் தெரியும். டீ ஓடுதேன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

சுந்தரமூர்த்தி வாயைத் திறந்தார். "அது வந்து, இதுல நீங்க ரெண்டு பேரும்..."

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் பச்சைமுத்து.

பக்கத்திலேயே பத்திரம் எழுதுகிறவர் இருந்தார். பதினோரு மாதம், பிறகு பேசிப் புதுப்பித்துக்கொள்வது, காலி செய்ய இரண்டு மாத அவகாசம், அறை பச்சைமுத்துவுடையது என்பதற்கு வீட்டு வரி ரசீது நகல். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மூன்று வாரம் இழுத்த சங்கதி! சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். பூவாயி கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள். இன்னொரு ஆள்?

எல்லோரும் திரும்பினார்கள். சுந்தரமூர்த்திக்கு வேர்த்துவிட்டது.

"நான் எதுலயும் கையெழுத்து போடறதில்லம்மா. கமலாவ வேணா போன் பண்ணி..."

"மூணு வாரம் நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன் சார்" என்றாள் ஜெயசுதா. "நான் கேக்குறது ஒரே ஒரு கையெழுத்து."

அவருக்கு வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் இந்த பெஞ்சிலிருந்து எழுந்து போனார்கள், அதில் எத்தனை பேர் கடை திறந்தார்கள் என்று முதல்முறையாக யோசித்தார். ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதவில்லை. இன்னொன்றை எடுத்து உதறினார், உள்ளங்கையில் கிறுக்கினார், அதுவும் எழுதவில்லை. இரண்டும் எந்தக் காலத்திலோ காய்ந்துவிட்டன. பூவாயி பால் கணக்கு எழுதும் பேனாவை நீட்டினாள்.

போட்டுவிட்டார். ஒவ்வோர் எழுத்தாக, முழுப் பெயரும். போட்ட பிறகு பழக்கதோஷம் விடவில்லை. யாரும் தடுப்பதற்குள் அதன் கீழே 'படித்துப் பார்க்கவில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

ஜெயசுதா தலையில் கைவைத்துக்கொண்டாள். மாற்றி எழுத நேரமில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு பேங்குக்கு ஓடினாள். மேனேஜர் சிவசங்கர் அந்த வரியை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"உண்மைய எழுதின சாட்சிய இப்பதாம்மா பாக்குறேன்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜூன் முதல் தேதி கடை திறந்தது. திறப்புக்கு சுந்தரமூர்த்தியும் வந்தார், கேசரி சாப்பிட்டார், போர்டு வாசலைத் தாண்டி அரையடி நீட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பதினோரு மாத ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்தபோது, 'பதிவு செய்தார்களா? வீட்டு வரி ரசீது மட்டும் போதுமா? புதுப்பிப்பது பேசித்தான் என்றால் நாளைக்குத் தகராறு வராதா?' என்று உங்களுக்கு நாக்கு துறுதுறுத்ததா இல்லையா? ஜெயசுதாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போல இருந்ததா?

இருந்ததென்றால், சட்டைப் பையிலிருக்கும் பேனாவை எடுத்து ஒருமுறை கிறுக்கிப் பாருங்கள். எழுதுகிறதா?