மாட்டு டாக்டரின் ஆடாத கார்

கார் மேல் பைத்தியமாக இருந்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரின் இடுப்பு மேல் பைத்தியமாக இருந்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் தென்காசி மாட்டு டாக்டர். பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். வாசலில் தொங்கிய பலகையில் அதைச் சாரல் என்றைக்கோ அழித்துவிட்டது. ஊருக்கு அவர் மாட்டு டாக்டர், அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் அங்கே கணக்கு வாத்தியார். கல்யாணமாகாதவன். டாக்டர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே அவரும் அவர் மனைவியும். மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர்களுக்குக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. கார் பிறந்திருந்தது.

மதுரையில் ஒரு வக்கீல் ஓட்டிச் சலித்து விற்ற பழைய சீமைக் கார் அது. ஆய்க்குடிக்கும் சுந்தரபாண்டியபுரத்துக்கும் அதில்தான் மாடு பார்க்கப் போவார். வண்டி வேலைக்கும் உழைக்க வேண்டும், வேகமாகவும் பறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நன்றாகத்தான் பறந்தது. பறக்கும்போது ஆடியது. வளைவு வந்தால் ஒரு பக்கமாகப் படுத்து, யோசித்து, பிறகு எழுந்திருக்கும்.

மதினி அதில் ஒரே ஒரு தடவை ஏறினார். குற்றாலம் போகும் வழியில் இறங்கி வாந்தி எடுத்தவர், "இனிமே இந்த வண்டியில ஏறுனா என்னய ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த ஜட்காவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். அன்று முதல் சந்தைக்கும் கோயிலுக்கும் ஜட்காதான். மாட்டு டாக்டர் கார் வைத்திருக்கிறார், அவர் பொண்டாட்டி குதிரை வண்டியில் போகிறாள் என்று ஊர் சிரித்தது. டாக்டருக்கு அது நெஞ்சில் முள்.

அந்த நிலைமையில்தான் மதினியின் தங்கைக்குப் புனலூரில் கல்யாணம் நிச்சயமானது. மதினியின் அப்பா அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. கார் வாங்கிய புதிதில், "மாட்டு டாக்டருக்கு எதுக்கு மாப்ளே காரு?" என்று கேட்ட மனிதர்.

"நான் ரயில்ல போயிக்கிடுதேன்" என்றார் மதினி.

"ஏட்டி, நீ ரயில்ல போயி எறங்குனா உங்க அப்பா எம் மூஞ்சியில முழிப்பாரா? கார்லதான் போறோம்."

"ஆரியங்காவு மலையில வளைவு கொஞ்சமாவா இருக்கு? வண்டி ஆடாம இருந்தா வாரேன். ஆடுச்சுன்னா ரயிலுதான்."

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதலில் நோய் என்ன என்று பார்த்தார். காரின் ஒவ்வொரு மூலையையும் அமுக்கிவிட்டு, மாட்டுக்கு வைக்கும் ஸ்டெதாஸ்கோப்பைச் சக்கரத்துக்கு மேலே வைத்துக் கேட்டார். "உசரம் சாஸ்தி, இடுப்புப் பிடிப்பு கம்மி. எருமை ஆடுதா பாத்தீரா? ஆடாது. ஏன்னா அது தரையோட கெடக்கு. வண்டியத் தாழ்த்திட்டா தீந்துது!"

தாழ்த்துவதற்கு, ஊரில் லாரிகளுக்கு ரிப்பேர் பார்க்கும் லாரி பாயிடம் போனோம். லாரி பாய் பட்டறையில் எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான்: ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டையைச் சேர்ப்பது.

"ஒரு பட்டை போட்டுருவோம் டாக்டரே. அம்பது மூட்டை நெல்லு ஏத்தலாம்."

"யோவ், நான் ஏத்தப்போறது எம் பொண்டாட்டிய!"

பாய் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ரெண்டு பட்டை."

இந்தப் பேச்சு எப்படியோ மதினி காதுக்குப் போய், அந்த வாரம் முழுவதும் டாக்டருக்கு ரசத்தில் உப்பு இல்லை.

கடைசியில் டாக்டர் சொன்னபடி பின்னால் ஒரு பட்டையைக் கழற்றி, முன்னால் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தார்கள். வண்டி தாழ்ந்தது. எவ்வளவு தாழ்ந்தது என்றால், அதன் அடியில் பகலெல்லாம் தூங்கும் பக்கத்து வீட்டுக் கோழி நுழையப் பார்த்து, முடியாமல், எங்களைத் திட்டிவிட்டுப் போனது. சித்தாற்றுப் பாலத்தில் ஏறும்போது வயிறு உரசித் தீப்பொறி பறந்தது. கல்லில் ஏறினால் நம் மண்டை கூரையில் இடித்தது.

"தாழ்ந்தா மட்டும் போதாது வாத்தியாரே" என்றார் டாக்டர், தலையைத் தடவிக்கொண்டு. "குட்டையாவும் இருக்கணும், தடியாவும் இருக்கணும்." லாரி பாயின் உடம்பும் அதே வாகு. அவரைப் பார்த்தபடி சொன்னதால் கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். டாக்டர் சொன்னது ஸ்பிரிங்கை. பழையதைவிடக் குட்டையாகவும் தடித்த கம்பியிலும் மதுரையிலிருந்து புது ஸ்பிரிங் வந்தது. தடிக் கம்பி அமுங்காததால் வண்டி கொஞ்சம் நிமிர்ந்தது. கோழியும் திரும்பி வந்தது.

இதிலெல்லாம் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒருநாள் டாக்டர் மாடிக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாத்தியாரே, நீரு பஸ்ஸுல போனா மேலகரம் தாண்டுமுன்னே வாந்தி எடுக்குத ஆளுல்லா?"

"அதுக்கென்ன?" என்றேன் ரோஷமாக.

"உம்ம வயிறு எனக்கு வேணும்."

அன்று முதல் நான் அவருடைய மீட்டர். ஸ்பிரிங்கில் எதை மாற்றினாலும் என்னை முன் சீட்டில் உட்காரவைத்து ஐந்தருவி ரோட்டு வளைவுகளில் ஓட்டுவார். போய்ச் சேர்ந்ததும் என் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். காளை மாட்டுக்குச் செய்வது போல ஒரு தடவை தாடையைப் பிடித்துப் பல்லையும் பார்த்தார். படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு இது தேவைதானா என்று பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் திரும்பி வந்ததும் மதினி தரும் சுக்குக் காப்பிக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

ஸ்பிரிங் சரியானதும் புஷ்களுக்கு வந்தார். இரும்பும் இரும்பும் சேரும் மூட்டுகளில் நடுவே உட்காருகிற வளையங்கள் அவை. பித்தளையில் போட்டுப் பார்த்தார். வண்டி ஆடவில்லை, எங்கள் பல் ஆடியது. கெட்டி ரப்பரில் போட்டார். அபாரம்! வளைவில் வண்டி படுக்காமல் திரும்பியது. ஆனால் கீச் கீச் என்று ஒரு சத்தம்.

"மூட்டு காஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "எண்ணெ தேச்சா சரியாப் போவும்."

இங்கேதான் அந்த மனிதர் சறுக்கினார். எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் தீராத வலி கிடையாது. மனிதருக்கு உள்ளது காருக்கு ஏன் கூடாது? சனிக்கிழமைதோறும் குற்றாலம் போனோம். அவருக்கு எண்ணெய், எனக்கு எண்ணெய், காருக்கும் அதே நல்லெண்ணெய். மெயினருவிப் பக்கம் உடம்பு பிடித்துவிடுகிற ஒருவரையே கூட்டி வந்து வண்டிக்கு அடியில் படுக்கவைத்தார்.

"சாமி, இதுல தலை எது, காலு எது?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"இடுப்ப மட்டும் பாரும்வே!"

சத்தம் நின்றது. சில வாரங்களில் வண்டி பழையபடி ஆட ஆரம்பித்தது. பழையதைவிட மோசம். கழற்றிப் பார்த்தால் ரப்பர் புஷ்கள் சாம்பாரில் ஊறிய வடைபோல உப்பிக் கிடந்தன. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. டாக்டர் அவற்றை வாசலில் பரப்பி வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார்.

மதினி வந்தார். ஒன்றை எடுத்து அமுக்கினார். முகர்ந்தார்.

"எண்ணெயா தேச்சீங்க?"

"ஆமா."

"ரப்பருக்கு எண்ணெ ஆவாதுன்னு எங்க ஊர்ல தவழுத புள்ளைக்குக் கூடத் தெரியுமே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்து சிரித்தார். டாக்டர் முதலில் முறைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். அவர்கள் இருவரும் அப்படிச் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

லாரி பாய் கோபத்தை மறந்து, மதுரை போகிற டிரைவரிடம் சொல்லிப் புது புஷ்களை வரவழைத்தார். எண்ணெய் படாமல் மாட்டினார்கள். ஐந்தருவி ரோட்டில் கடைசிச் சோதனை. எனக்குக் குமட்டல் இல்லை, ஏப்பம் கூட இல்லை.

"மீட்டர் சொல்லிட்டு! வண்டி ஆடல!" என்று டாக்டர் நடுரோட்டில் குதித்தார். இரண்டு மாதமாகச் சுற்றிச் சுற்றி என் வயிறு ஆட்டத்துக்குப் பழகிப்போய்விட்டது என்பது அவருக்கும் தோன்றவில்லை, கணக்கு வாத்தியாரான எனக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் புறப்பட்டோம். மதினி முன் சீட்டில், கையில் ஓர் எலுமிச்சம்பழம். பின்னால் பலகாரக் கூடைகளும் நானும். செங்கோட்டை தாண்டி மலை ஏறினோம். "எப்படிட்டி இருக்கு?" என்று வளைவுக்கு வளைவு டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தார். மதினி ஒவ்வொரு தடவையும் தலையை மட்டும் ஆட்டினார். டாக்டர் விசிலடித்துக்கொண்டு ஓட்டினார்.

புனலூரில் இறங்கியதும் மாமனாரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காரின் மூலையை அமுக்கச் சொன்னார் டாக்டர். பாவம், அந்தப் பெரிய மனிதரும் அமுக்கினார். நான் கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு மதினி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

"மதினி, வண்டி ஆடலயே?"

"ஒங்களுக்கு ஆடல. எனக்கு ஆடுச்சு" என்றார், வாயைக் கொப்பளித்துவிட்டு. "அவுககிட்ட மூச்சு விட்டுராதீங்க தம்பி. எனக்காவ ரெண்டு மாசமா வண்டிக்கு அடியிலயே கெடந்தாக."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பொட்டைச் சரி செய்துகொண்டார். வாசலுக்குப் போய், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "அப்பா, தொட்டில்ல வந்த மாதிரி இருந்துச்சுப்பா. கொஞ்சங்கூட ஆடல."

டாக்டர் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாமனார் இன்னொரு தடவை, இந்த முறை அவராகவே, காரை அமுக்கிப் பார்த்தார்.

திரும்பும்போதும் மதினி காரில்தான் வந்தார். அப்புறம் எங்கே போனாலும் கார்தான். ஊர் வாய் மூடிக்கொண்டது. அந்த வீட்டில் எலுமிச்சம்பழச் செலவு மட்டும் ஏன் கூடிவிட்டது என்று டாக்டருக்குக் கடைசிவரை புரியவில்லை.

இரண்டு பேரும் இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். ஆனாலும் தென்காசிப் பக்கம் போகும்போது பழைய ஆட்கள் யாராவது அந்தக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால், அது ஆடவே ஆடாத வண்டி என்றுதான் நானும் சொல்லிவிட்டு வருகிறேன்.