செவலைக்காளை மேடையில் மறைந்த விவரம்

போடிநாயக்கனூர்,
12-12-1978

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மாமா கோட்டைச்சாமி அவர்களுக்கு, மருமகன் திருப்பதி தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் மகள் அன்னக்கொடியும் சுகம். மலையில் பனியும் அட்டையும் தங்களை ரொம்பப் படுத்தாமல், எஸ்டேட்டில் காய் எடுப்பு நல்லபடியாக நடக்க வேண்டிக்கொள்கிறேன். மாடு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதமே. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

வாரத்தில் ஆறு நாள் மண்டியில் ஏலக்காய் சலிக்கிறவன் நான், ஏழாவது நாள் முண்டாசும் ஒட்டுத்தாடியும் வைத்த மந்திரவாதி என்பது தங்களுக்குத் தெரியும். தங்களுக்குப் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மண்டித் தொழிலாளர் மன்றத்து ஆண்டு விழா. சாயங்காலம் மூன்று மணிக்குப் பலகலைப் போட்டி. அதை நடத்திக்கொடுக்கிற பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஒவ்வொரு ஆளாக மேடைக்குக் கூப்பிட வேண்டும், ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் ஒரு வித்தை காட்ட வேண்டும், கடைசியில் பெரிய வித்தையாக ஒன்று. பெரிய வித்தைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன செவலைக்காளை வீட்டு வாசலில் நின்று என்னையே பார்த்தது. அது என் நேரம். அன்னக்கொடி அப்போதே சொன்னாள்: "என்னையக் கட்டிக்குடுத்து அனுப்புறப்பக்கூட எங்கப்பா அழுகல. இந்த மாட்ட விட்டுட்டுப் போறப்ப அழுதாரு. பாத்து நடந்துக்கங்க." நான் கேட்கவில்லை மாமா. மேடை ஓரத்தில் கறுப்புத் திரை கட்டி, அதன் முன்னால் மாட்டையும் கட்டி வைத்தேன். கடைசியில் திரையை மாட்டைச் சுற்றி இழுத்து, பின்பக்கம் உள்ள சந்து வழியாக அதை நைசாகக் கீழே இறக்கி, திரையை விலக்கினால் மாடு மாயம். வீட்டில் நாலு தடவை செய்து பார்த்தேன், நாலு தடவையும் மாடு ஒத்துழைத்தது.

போட்டி தொடங்கியது. மூட்டை தூக்கும் சின்னச்சாமி பல்லால் ஏலக்காய் மூட்டையைத் தூக்குகிறேன் என்று கடித்து இழுத்தார். மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது, பல் மட்டும் வந்தது. அவரைக் கைத்தாங்கலாக இறக்குகிற நேரத்தை நிரப்ப மோதிர வித்தையை எடுத்தேன். மோதிரம் போட்டவர் யாராவது மேலே வாங்க என்றேன். பெரிய முண்டாசும் முறுக்கிய மீசையுமாக ஒருவர் விறுவிறுவென்று ஏறி வந்தார். வந்தவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே மாட்டிடம் போய் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், முதுகில் சுழி பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். அடடா, கலையை இவ்வளவு நுணுக்கமாக ரசிக்கிற ஆள் நம்ம ஊரிலும் இருக்கிறாரே என்று எனக்குப் புல்லரித்துப்போச்சு மாமா.

பிறகு அவர் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டேன். துண்டுக்குள் அவர் மோதிரத்தை உருவ வேண்டும், இதுதான் வித்தை. மோதிரம் எந்த விரலில் என்று மறந்துபோனதால் ஒவ்வொரு விரலாகத் தடவினேன். அஞ்சையும் பிடித்தேன், அவர் முகம் சுருங்கியது, தலையை ஆட்டினார். ரெண்டை விட்டேன், கொஞ்சம் தெளிந்தார். அவரும் என் விரலைப் பிடித்து அமுக்கினார். பாவம், மேடைக் கூச்சம் போலிருக்கு என்று நானும் பதிலுக்கு அமுக்கினேன். சனமெல்லாம் மூச்சு விடாமப் பாக்குது. திடீரென்று அவர் சிரித்தார், துண்டை எடுத்தேன். மோதிரம் அவர் விரலிலேயே இருந்தது. என் உள்ளங்கையில் ஒரு நூறு ரூபாய் நோட்டு! சத்தியமாக அது நான் வைத்ததில்லை. பதினோரு வருசமா வித்தை பண்றேன், முதல் தடவையா மந்திரம் பலிச்சிருக்குன்னு நோட்டைத் தூக்கிச் சனத்துக்குக் காட்டினேன்.

அந்தக் கிறக்கத்திலேயே அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். ஜீப்பு டிரைவர் ராக்கையா, போடிமெட்டுக்கு ஜீப்பு ஏறுகிற சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். ஒரு வளைவு, ரெண்டு வளைவு என்று பத்தாவது வளைவு வரை சனம் கைதட்டியது. அப்புறம் இறங்கச் சொன்னால் ஆள் இறங்கவில்லை. "பாதி மலையில எப்படிண்ணே எறங்குறது, லோடு இருக்குல்ல?" என்கிறார். அவர் மெட்டு போய்ச் சேருகிற வரை முக்கால் மணி நேரம் எல்லார் கண்ணும் அவர் மேலேயே இருந்தது, என் கண்ணும்தான். முடிந்ததும் நான் பெரிய வித்தைக்குப் போய்ப் பார்த்தால், முளைக்குச்சி இருக்கிறது, திரை இருக்கிறது, மாடு இல்லை.

"மாடு எங்கடா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். கையை விரித்தேன். அவ்வளவுதான், விசில் பறந்தது! மந்திரம் கூடச் சொல்லாமல் மறைத்துவிட்டான் என்று நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள். முன் வரிசையிலிருந்து அன்னக்கொடி எழுந்து "எங்கப்பா மாட்ட எங்க?" என்று அலற, இந்தப் பொம்பளை என்னமா நடிக்குது என்று அவளுக்கும் கைதட்டினார்கள். எனக்கு ஒரு எவர்சில்வர் குடம் பரிசு. அதை வாங்கிக்கொண்டு இறங்கியபோது எங்கள் மண்டி எடையாள் அழகுமலைதான் காதருகில் வந்து சொன்னான்: "அண்ணே, மாட்டப் பக்கத்துல வச்சுக்கிட்டு, துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு, அச்சாரமும் வாங்கிட்டீங்க. வித்தாச்சுண்ணே. அந்த ஆளு அப்பவே ஓட்டிட்டுப் போயிட்டாரு. வித்ததுக்கு அப்பறமும் சோகமாக் கைய விரிச்சீங்க பாருங்க, அதுதான்ணே வித்தை." சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது எனக்கும் தெரியும் மாமா. மேடையில் நிற்கும்போது அது புத்தியில் ஏறவில்லை.

அந்த ஆள் பேர் தெரியாது, ஊர் தெரியாது. செவலை மாடு ஒன்றை லோடு ஏற்றி மலைக்குக் கொண்டுபோனதாக யாரோ சொன்னார்கள். மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவுக்குப் போகிற மாடு கறிக்குத்தான் போகிறது என்று எனக்குத் தெரியாதா? வேசத்தைக் கலைத்துவிட்டு அடுத்த ஜீப்பிலேயே போடிமெட்டுக்கு ஓடினேன். டீக்கடைச் சேட்டன் "செவலக் காளயோ? கண்டில்லல்லோ" என்று கையை விரித்துவிட்டார். அந்தச் செக்போஸ்ட் ஓரத்தில் நின்று அழுதேன் மாமா. வெட்கப்படாமல் எழுதுகிறேன், அழுதேன். காலையில் நான் தீனி வைக்கும்போது அது என் சட்டையை நக்கும். அன்னக்கொடி ரெண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சுவரைப் பார்த்து "சோறு இருக்கு, திங்கிறவுக திங்கலாம்" என்கிறாள்.

தாங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இனி இந்த ஜென்மத்தில் வித்தை இல்லை, துண்டு போட்டு முகம்கூடத் துடைக்கமாட்டேன். ஒச்சம்மா அத்தைக்கு என் கும்பிடு. திட்டி முடித்த பிறகு மிச்சமிருந்தால் ஆசீர்வாதமும் அனுப்பவும்.

இப்படிக்கு, மன்னிப்பை எதிர்பார்க்காமல் கேட்கும்
மருமகன் திருப்பதி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அதே முண்டாசு, அதே மீசை, கையில் நம்ம செவலை! பேர் ஜக்கையனாம், மாட்டுத் தரகராம். முண்டாசும் ஒட்டுத்தாடியும் இல்லாத என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "கோட்டைச்சாமி அண்ணன் மக வீடுதானே மாப்ளே? அவரு செவலைக்கு ஜோடி பாக்கச் சொல்லி ஆறு மாசமாச்சு. இப்பத்தான் அம்புட்டுச்சு. யாரோ ஒரு மந்திரவாதிப் பய, ஏமாளி, பாதி வெலைக்குக் குடுத்துட்டான், பாக்கிப் பணத்தக்கூட வந்து கேக்கல. அண்ணன் சொன்ன அங்க அடையாளம் அச்சு அசலா அப்படியே இருக்கு! அவரு மாட்டக் கொண்டாங்க, வெரசா பக்கத்துல நிறுத்திப் பாப்போம்" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அன்னக்கொடி வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். "அது மேயப் போயிருக்குண்ணே. ஞாயித்துக்கெழமை வாங்க, ரெண்டையும் சேத்தே பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். "எங்கப்பா அவரு மாட்டையே வெலைக்கு வாங்குனாருன்னு ஊர் சிரிக்கணுமா?" என்றாள். ரெண்டு நாளைக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு மாமா, காது குளிர்ந்துபோச்சு. ஆகவே மேலே எழுதிய தண்டனை, சபதம் எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றை மாட்டை ஞாயிற்றுக்கிழமை இரண்டாகக் காட்ட வேண்டும். சலூனில் இருக்கும் ஆளுயரக் கண்ணாடியை இரவல் கேட்க உங்கள் மகள்தான் போயிருக்கிறாள்.