முகம் கோணிய மாப்பிள்ளையும் ஊசி அண்ணாச்சியும்

எழுபதுகளில் தேரா துபாயில் இருந்த தமிழர்களில் ஊசி அண்ணாச்சியைக் கண்டு ஓடாதவர் ஒருவர்கூடக் கிடையாது. போலீசுக்குப் பயப்படாதவன் உண்டு, விசா கொடுத்த கஃபீலுக்குப் பயப்படாதவன் உண்டு. ஆகஸ்ட் மாத வெயிலுக்கே பயப்படாத ஒரு மேஸ்திரியை எனக்குத் தெரியும். அந்த மேஸ்திரிகூட, அண்ணாச்சி தெருமுனையில் வருவது தெரிந்தால் பக்கத்து மளிகைக்கடைக்குள் புகுந்து, வேண்டாத சோப்பை விலை கேட்டுக்கொண்டு நிற்பார்.

காரணம் ரொம்பச் சுலபம். அவர் காதில் விழும்படி யாரும் ‘வலி’ என்ற வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் சட்டைப் பைக்குள் கை போகும். ஊசி வெளியே வரும். ஆஸ்பத்திரி ஊசி என்றால் அதிலே மருந்தாவது இருக்கும். இவர் வைத்திருந்தது வெறும் ஊசி, முடியைவிடக் கொஞ்சம் தடிமன், விரல் நீளம். அதை மனுஷன் உடம்பில் நட்டுவிட்டு, அது பாட்டுக்கு நிற்கட்டும் என்று இவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

ஆள் டாக்டரும் இல்லை, வைத்தியரும் இல்லை. எங்கள் கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கட்டடத்துக்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைவது அவர் உத்தியோகம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். துபாய்க்கு வருவதற்கு முன்னால் சிங்கப்பூரில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே அவர் குடியிருந்த அறைக்கு நேர் கீழே ஒரு சீன மருந்துக்கடை. மூட்டுவலி என்று ஒருநாள் கீழே இறங்கினவர், அந்தக் கடைக் கிழவர் ஊசி குத்திச் சரியாக்கியதும், வருஷக்கணக்கில் சாயங்காலமானால் அங்கேயே பழியாய்க் கிடந்து தொழிலைக் கற்றுக்கொண்டாராம். அவர் சொன்னது இது. அந்தக் கிழவர் இவரை விரட்ட வழி தெரியாமல்தான் கற்றுக்கொடுத்திருப்பார் என்பது என்னுடைய கட்சி.

நான் திருச்சியிலிருந்து டைப்பிஸ்டாக வந்து இறங்கிய புதுசு. ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க அவர் மேஜைக்குப் போனேன். குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். காது மடலில் பளபளவென்று மூன்று ஊசிகள் நட்டுக்கொண்டு நின்றன. கையிலிருந்த கடிதம் எங்கே விழுந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை. அவரோ தலையைத் தூக்காமலே, “பல்லுவலிடே. அதுக்காக வேலைய நிறுத்த முடியுமா?” என்றார். ஆபீஸில் மற்றவர்கள் எல்லாம் ஒன்றுமே நடக்காத மாதிரி அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சி.

சீன வைத்தியத்தை அவர் விளக்குவது குழாய்க்காரர் பாஷையில்தான். உடம்பு முழுக்கப் பன்னிரண்டு பெரிய பைப் லைன் ஓடுகிறது. அதிலே ஓடுவது தண்ணீர் இல்லை, உயிர்ச்சக்தி. அதற்குச் சீனப் பெயர் ‘சி’. எங்கேயாவது அடைப்பு விழுந்தால் நோய். ஊசி என்பது அந்த அடைப்பை எடுக்கிற கம்பி. “மூணாவது மாடியில தண்ணி வரலேன்னா மூணாவது மாடியையா இடிப்ப? கீழ வால்வைத்தான பாக்கணும்” என்பார். அதனால்தான் தலைவலிக்குக் காலில் குத்துவார். கால்வலிக்கு எங்கே குத்துவார் என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

நாக்கைப் பார்த்து நோய் சொல்வது இன்னொரு அக்கிரமம். மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தவனை, முதலில் நாக்கை நீட்டு என்பார். வெள்ளையாக இருந்தால் உள்ளே குளிர்ச்சி, சிவந்திருந்தால் சூடு, ஓரத்தில் பல் தடம் இருந்தால் மண்ணீரல் பலவீனம். அதற்குப் பிறகு எவனுக்குச் சோறு இறங்கும்? நாடி பார்ப்பதோ, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, கண்ணை மூடி, ஒவ்வொரு விரலுக்கடியிலும் ஒவ்வொரு உறுப்பு பேசுவதைக் கேட்பது. தீபாவளி வாழ்த்துச் சொல்லி அவரிடம் கை நீட்டினால் அந்தக் கை நம்மிடம் திரும்பி வர வெகுநேரம் ஆகும்.

இந்த மனுஷர் ஒரு தடவை செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது. ஓய்வு நேரத்தில், டிரேசிங் பேப்பரில், ஆளுயரத்துக்கு ஒரு மனித உருவம் வரைந்தார். பன்னிரண்டு லைன், நூற்றுக்கணக்கான புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் நம்பர். படுக்கையறையில் மாட்டுவதற்காக அதைப் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறார். பிரிண்ட் ரூமில் அது மற்ற பிளான்களோடு சுருட்டப்பட்டு கடைசியில் சைட்டுக்கே போய்விட்டது. மறுநாள் பிளம்பிங் ஃபோர்மேன், ஆறடி உயரப் பட்டாணியர் கான் பாய், அந்தச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்து என் மேஜைமேல் விரித்தார். “பாய், யே கோன்ஸா பில்டிங் ஹை?” இது எந்தக் கட்டடம் என்று கேட்கிறார். காலையிலிருந்து நான்கு ஃபிட்டர்களை வைத்துக்கொண்டு அதைப் படித்துப் பார்த்தாராம். லைனெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மெயின் டிரெயினேஜ் எங்கே இறங்குகிறது என்பதுதான் தெரியவில்லை என்றார். நான் குனிந்து பார்த்தேன். படத்தின் மூலையில் எங்கள் ஆலோசனை இன்ஜினியர் ‘கட்டலாம்’ என்று முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

சரி, இது போகட்டும். ஜாம் பாட்டில் விவகாரம் போலீஸ் வரைக்கும் போயிருக்கும். தஞ்சாவூர்ப் பையன் சண்முகம், பைப் ஃபிட்டர், இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் வந்தான். அண்ணாச்சி சின்னச் சின்ன ஜாம் பாட்டில்களுக்குள் பஞ்சைக் கொளுத்திக் காட்டிவிட்டு, டப் டப்பென்று அவன் முதுகில் கவிழ்த்தார். ஒவ்வொரு பாட்டிலும் சதையைக் கவ்விப் பிடித்து உள்ளே இழுத்தது. நான் பார்க்கச் சகிக்காமல் வெளியே ஓடிவிட்டேன். மறுநாள் அவன் சைட்டில் சட்டையைக் கழற்றியபோது முதுகு முழுக்கக் கன்னங்கரேலென்று வட்ட வட்டமாய்த் தடம். அந்த நேரம் பார்த்து எங்கள் லெபனான் மேனேஜர் அங்கே வந்தார். கேம்பில் யாரோ இவனைக் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். யார் அடித்தது, எதால் அடித்தது என்று கேட்டால், சண்முகம் தனக்குத் தெரிந்த இந்தியில் “அண்ணாச்சி, பாட்டில்” என்றான். வலி போய்விட்டதைக் காட்டுவதற்காக, அவர் முன்னாலேயே குனிந்து தரையைத் தொட்டான். காலில் விழுந்து காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறான் என்று மேனேஜர் கண் கலங்கி, போலீசைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார். நாங்கள் நாலு பேர் போய் விளக்கம் சொல்லி அவரை உட்கார வைப்பதற்குள் உயிர் போய் வந்தது. அன்றோடு பாட்டிலுக்குத் தடை. அண்ணாச்சி அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். ஊசியைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லையே.

இப்படிப்பட்டவரிடம் நானே போய் முகத்தைக் கொடுப்பேன் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் அவனோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

எங்கள் அறையில் ஒரே ஒரு ஜன்னல் ஏசி. அதற்கு நேர் கீழே இருந்த கட்டிலுக்கு எத்தனையோ பேர் போட்டி. கெஞ்சிக் கூத்தாடி அதை நான் பிடித்தேன். கோடை முழுவதும் குளிர்காற்று கன்னத்தில் அடிக்க ராஜா மாதிரித் தூங்கினேன். ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாகத் தானாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன். முகத்தின் இடது பாதி செத்துக் கிடந்தது. புருவம் ஏறவில்லை, கண் மூடவில்லை, வாய் வலது காதைப் பார்த்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. சிரித்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். கரூரில் பெண். முகூர்த்தம் குறித்து, பத்திரிகை அடித்து, லீவும் வாங்கியாகிவிட்டது. பெண் என்னை நேரில் பார்த்ததில்லை. ஸ்டூடியோவில் எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் சம்மதம் சொல்லியிருந்தாள். அந்தப் போட்டோவில் எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. இந்த முகத்தோடு மணவறையில் போய் உட்கார்ந்தால் அவள் என்ன நினைப்பாள்? வேறு யாரோ ஒருவன் தாலி கட்ட வந்துவிட்டான் என்று எழுந்து போக மாட்டாளா? வீட்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை.

நான் போய்ப் பார்த்த டாக்டர் நல்ல மனிதர். இது முகத்து நரம்பில் வருகிற வாதம், உயிருக்கு ஆபத்தில்லை, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். எப்போது சரியாகும் என்று கேட்டேன். சில பேருக்கு வாரங்கள், சில பேருக்கு மாதங்கள் என்றார். என்னிடம் மாதங்கள் இல்லையே. அறைக்கு வந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன்.

அண்ணாச்சி வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. குளிர்காற்று லைனுக்குள் புகுந்துவிட்டது, சிங்கப்பூரில் கிழவர் இதை எத்தனையோ பேருக்குச் சரியாக்கியதைத் தான் பக்கத்திலிருந்து பார்த்திருப்பதாகச் சொன்னார். டாக்டர் மாத்திரையை நிறுத்தாதே, அதோடு இதுவும் ஓடட்டும் என்றார். “கல்யாணத்துக்குள்ள ஒன் மூஞ்சிய நேராக்கி அனுப்புதேன். என்னய நம்பு.” வேறு யாரை நம்புவது? சரி என்று தலையாட்டினேன். வாயால் சொல்லலாம் என்றால் உதடு ஒத்துழைக்கவில்லை.

ஊசிகளைக் கொதிக்க வைத்தார். எந்தப் பாத்திரத்தில் என்றால், தினமும் நாங்கள் டீ போடுகிற அதே பாத்திரத்தில். இத்தனை காலமாக நான் எதைக் குடித்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் முதல் ஊசியைப் போட்டுவிட்டார். முகத்தில் இல்லை, வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். நோவு அங்கே, குத்து இங்கே. “கனமா இருக்கா?” என்றார். கை முழுவதும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது. “அப்ப சி வந்துட்டு” என்று ஊசியைத் திருகினார். அதற்குப் பிறகு புருவத்தில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, தாடையில் ஒன்று. அறை வாசலில் சண்முகமும் மற்றவர்களும் கூடி நின்று, எனக்குக் கேட்கும்படியாகவே என் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

கல்யாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது. ஊருக்குப் போவதற்கு முன்பே கண் மூட ஆரம்பித்து, பிறகு கன்னம் உயிர்பெற்று, மணவறையில் உட்கார்ந்தபோது வாய் கிட்டத்தட்ட தன் இடத்துக்கு வந்துவிட்டது. தானாகச் சரியாகியிருக்கும் என்பது டாக்டர் கட்சி. ஊசிதான் என்பது அண்ணாச்சி கட்சி. சமயபுரத்தாளுக்கு மாவிளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டதால்தான் என்றாள் என் அம்மா. நான் இதில் யார் பக்கமும் சாயவில்லை. நீங்களும் இதைப் படித்துவிட்டு ஊசியும் கையுமாக யார் வீட்டுக்கும் போய் நிற்காதீர்கள்.

ஆனால் அந்த முகம் நேராவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஊசி போட ஆரம்பித்து ஒரு முன்னேற்றமும் இல்லாமல் நான் சோர்ந்துபோயிருந்த சமயம். லீவு நாள், எல்லோரும் மீன் வாங்கப் போயிருந்தார்கள். நான் பல் விளக்கப் பின்கட்டுக் குழாயடிக்குப் போனேன். அங்கே சவரம் செய்கிற கண்ணாடிக்கு முன்னால் அண்ணாச்சி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அவருடைய இடது புருவத்தில் ஊசி, கன்னத்தில் ஊசி, தாடையில் ஊசி. வாயோரத்தில் இன்னொன்றை மெதுவாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

பதறிப்போய், உங்களுக்கும் முகம் இழுத்துக்கொண்டதா என்று என் கோண வாயால் கேட்டேன்.

அவர் தலையைத் திருப்பவில்லை. திருப்பவும் முடியாது.

“எனக்கு ஒண்ணுமில்லடே. கிழவர் போடும்போது பாத்திருக்கேனே ஒழிய, மூஞ்சியில நான் யாருக்கும் போட்டது கிடையாது. ஒனக்குத்தான் மொதல்ல. அதான், எம்புட்டு ஆழம் தாங்கும்னு ஒவ்வொரு தடவையும் எனக்குப் போட்டுப் பாத்துட்டு ஒனக்குப் போடுதேன்.”

எங்கேயாவது தவறாகப் போய் உங்கள் முகம் கோணிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கத்தினேன்.

“கோணுனா கோணிட்டுப் போவுது. எனக்குக் கல்யாணம் ஆயி மூணு பிள்ள இருக்கு. இனிமே என் மூஞ்சிய எவ பாக்கப்போறா? நீ போயிப் பல்ல வெளக்கிட்டு வா.”

மூட முடியாத என் இடது கண்ணில் அந்த நாட்களில் எந்நேரமும் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும், அது அந்த நோயின் குணம். அன்றைக்கு வலது கண்ணிலும் வடிந்தது.