இன்னும் முடிவாகாத வீடியோ கேமரா

ஆராய்ந்து வாங்குபவர் என்றோர் இனம் உண்டு. ஆராய்வார், வாங்கமாட்டார். மற்றபடி பழகுவதற்கு இனியவர், எவருக்கும் தீங்கு நினையாதவர். இவ்வினத்தின் முதிர்ந்த மாதிரியை நீங்கள் காண விரும்பினால், எங்கள் தெருமுனை ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பாருங்கள்.

உள்ளே இருப்பவர் இருபது ஆண்டுகளாகத் திருமணங்களுக்குப் புகைப்படம் எடுப்பவர். ஓயாமல் கண் சிமிட்டும் மாமனாரைக்கூட விழித்த நிலையில் பிடித்துவிடும் கை அவருடையது. ஆனால் புகைப்படத்தோடு வீடியோவும் எடுப்பது என்று தீர்மானித்த நாள் முதல், கடையில் வேலை குறைந்து ஆராய்ச்சி பெருகியது. சுவரில் குடும்பப் படங்கள் தொங்கிய இடத்தில் ஓர் அட்டவணை ஏறியது: நெடுக்கில் பதினொரு கேமராக்கள், குறுக்கில் இருபத்தாறு தகுதிகள். எடை எவ்வளவு, மங்கிய வெளிச்சத்தில் முகம் தெரியுமா, பழைய லென்ஸ் பொருந்துமா, தனியாக மைக் செருக இடம் உண்டா, கழுத்தில் ஏற்கெனவே தொங்கும் கேமராவோடு இடித்துக்கொள்ளுமா என்று அது நீண்டுகொண்டே போயிற்று. ஒன்றில் பேட்டரி நெடுநேரம் நிற்கும், முகம் மஞ்சளடிக்கும். இன்னொன்றில் முகம் முகமாகவே இருக்கும். கேமராதான் அரைமணி நேரத்தில் கொதித்து அணைந்துவிடும். எதில்தான் குறை இல்லை? அவரிடம் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

மனைவி கேட்டார்.

"போட்டோ கேமராலயே வீடியோ வருமேங்க. அதுல எடுத்தா என்ன?"

"அப்ப போட்டோவ எதுல எடுக்கிறது? உன் கண்ணாலயா?"

"சரி, ஏதாவது ஒண்ண வாங்கித் தொலைங்க."

"ஏதாவது ஒண்ணா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். வழியில் போகிறவனைப் பிடித்து மகளைக் கட்டிக்கொடுக்கச் சொன்னதுபோல் அவர் முகம் வெளிறிவிட்டது.

இது வேடிக்கையாகவே முடிந்திருக்கும், அவருடைய அக்கா மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளாதிருந்தால். அக்காவின் மகளுக்கு ஆறு வாரத்தில் திருமணம், மண்டபத்துக்கே பதிவாளர் வந்து சம்மதம் கேட்டு நடத்தும் பதிவுத் திருமணம். தள்ளிவைக்க வழியில்லை, மணமகன் மறுநாளே வேலைக்காக வெகுதூரம் போயாக வேண்டும். அக்காவோ எழுந்து உட்காரவும் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை.

"போட்டோ நீ நல்லாத்தான் எடுப்ப," என்றார் அக்கா, படுத்தபடியே. "எனக்கு அது பத்தாதுடா தம்பி. அவ நடந்து வர்றதப் பாக்கணும். 'சம்மதம்'னு அவ வாயால சொல்றதக் கேக்கணும். இந்த ரெண்டு போதும்."

"என்னக்கா ரெண்டு? ரெண்டு மணி நேரத்துக்குத் தர்றேன்."

ஆறு வாரத்தில் பதினொன்று இரண்டாகச் சுருங்கியது. இரண்டு ஒன்றாகவில்லை. திருமணத்துக்கு முந்தைய நாள், பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கேமராக் கடையிலிருந்து இரண்டையும் வாங்கிவந்தார். ஒரே தாங்கியில் பக்கம்பக்கமாகப் பூட்டினார். ஒரே முகம், ஒரே வெளிச்சம், ஒரே நேரம்: ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் ஏது?

"எதுக்கும் நான் போன்ல கொஞ்சம் எடுத்து வைக்கட்டுமா?" என்றார் மனைவி.

"எங்க அக்கா மக கல்யாணத்தப் போன்லயா?" என்றவர் அதோடு நிற்கவில்லை. படத்தில் குறுக்கே விழும் என்று சொல்லி, மண்டபத்தில் ஒருவரையும் கைபேசியைத் தூக்கவிடவில்லை. சொந்தக்காரர்கள் கட்டுப்பட்டார்கள். தொழில் தெரிந்தவர் சொல்கிறார் அல்லவா?

திருமணம் முடிந்த மூன்றாம் நாள் அக்காவின் கட்டிலருகே மடிக்கணினி திறந்தது. திரை இரண்டாகப் பிளந்திருந்தது: இடப்பக்கம் ஒரு கேமரா, வலப்பக்கம் மற்றது. மகள் கதவைத் தாண்டி வந்தாள். அக்கா தலையணையிலிருந்து கழுத்தை மட்டும் தூக்கினார். நான்கடி நடந்திருப்பாள், ஐந்தாம் அடியில் படம் அவளை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னாலிருந்த கறுப்புத் திரைச்சீலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. கேமராவின் தரம் கறுப்பில்தான் தெரியுமாம். திரும்பி வந்தபோது மகள் பதிவேட்டின் முன் நின்றிருந்தாள். பதிவாளர் கேட்டார். அவள் உதடுகள் அசைந்தன. ஆனால் பதிவில் கேட்ட குரல் தம்பியுடையது.

"இடது பக்கம் மஞ்சளடிக்குது. வலது பக்கம் பரவால்ல."

"திரும்பப் போடு," என்றார் அக்கா. போட்டார். இரண்டு பக்கமும் உதடு அசைந்தது. மறுபடியும் மஞ்சளே அடித்தது.

"சம்மதம்னு சொன்னாளாடா?"

"சொன்னாக்கா. நல்லாவே சொன்னா. நான் பக்கத்துலதான நின்னேன்."

அக்கா வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போகட்டும். இதுல எது நல்ல கேமரான்னாவது தெரிஞ்சுதா?"

தம்பியின் முகம் மலர்ந்தது. ஆறு வாரத்தில் அவரிடம் ஒருவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. "அதான்க்கா, உறுதியா சொல்ல முடியல. இன்னொரு கல்யாணம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சுடும்."

அக்காவுக்கு ஒரே மகள்.

நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: அக்கா கூரையைப் பார்த்துக் கிடந்த அந்த நேரத்தில், கடைசிவரை மிஞ்சிய இரண்டும் எந்தெந்தக் கேமராக்கள் என்று உங்கள் மனத்தின் ஒரு மூலை கேட்டதா இல்லையா? கேட்டிருந்தால், உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு நீங்கள் கேமரா இல்லாமல் வெறுங்கையோடு போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். படம் பிடிப்பதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.