காலில் விழுந்த கதாநாயகி

ஒரு மனிதன் எத்தனை நாவல்தான் தனியாகப் படிப்பான்? மகள் முத்துத்தாய் கல்யாணமாகி உசிலம்பட்டிக்குப் போனதிலிருந்து வண்டியூரில் எங்கள் வீட்டில் இரண்டே பேர். பள்ளிக்கூட வாத்தியாரான நான். என் பேச்சுக்குக் காது கொடுக்காத என் மனைவி அன்னக்கொடி.

ஜமீன் மாளிகை நாவல் என்றால் எனக்கு உயிர். எந்த அலமாரிக்குப் பின்னால் சுரங்கப் பாதை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சோக நாவலில் கதாநாயகி இரும ஆரம்பித்தால் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். துப்பறியும் நாவலில் மூன்றாம் அத்தியாயத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிடுவேன். பெரும்பாலும் தப்பான ஆளைத்தான். தப்பென்று சண்டை போடவாவது வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா? அன்னக்கொடிக்கோ எழுத்து வாசனையே கிடையாது. சாயங்காலமானால் பக்கத்து வீட்டுச் சீனியம்மாளிடம் போய்விடுவாள். நான் சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில நாள் அழுகையே வந்துவிடும்.

ஆகவே ஒரு சபதம் செய்தேன். வெள்ளிக்கிழமைதோறும் தபாலில் வரும் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை அவளுக்குப் படித்துக்காட்டுவது. கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்தேன். புருஷனோடு கோபித்துக்கொண்டு போன கதாநாயகி சரோஜினியை வாரா வாரம் திரும்பி வரவழைத்து, அவன் காலில் விழவைத்தேன். கேட்கிறவளுக்குப் புத்தி வர வேண்டாமா! ஆச்சரியம், அன்னக்கொடி எழுந்து போகவில்லை. வெற்றிலை மடித்தபடி கேட்டாள். மூன்று வெள்ளிக்கிழமை நான் ராஜா.

நாலாவது வெள்ளிக்கிழமை. பத்திரிகையின் ராப்பரைப் பிரித்துத் தொண்டையைச் செருமினேன்.

"சரோஜினி கண்ணீர் பெருக, 'நாதா!' என்று கதறி..."

"இந்த வாரமும் விழுகுறாளா?"

"ஆமா. ஏன்?"

"நாலு வாரமா விழுந்துக்கிட்டே கெடக்காளே, இடுப்பு என்னத்துக்காகும்? அச்சுல அவ டீச்சர் வேலை பாத்துக்கிட்டுல்ல இருக்கா."

"எந்த அச்சுல?"

"ஒங்க கையில இருக்குறதுலதான். தபால்காரரு மத்தியானமே குடுத்துட்டுப் போறாரு. சோத்துப்பானை ஆவியில காட்டுனா ராப்பர் கழண்டு வந்துரும். படிச்சு முடிச்சு, நாலு பருக்கைய நசுக்கி ஒட்டிருவேன்."

"ஒனக்குப் படிக்கத் தெரியுமா!"

"முத்துத்தாயி சொல்லிக்குடுத்து ஆறு வருசமாச்சு. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கேக்குற வாத்தியாரு, என்னைய ஒரு நாளும் கேக்கலையே."

"பெறகு எதுக்கு உக்காந்து கேட்ட?"

"அம்புட்டு ஆசையா வாசிக்கிறீங்க. பாவமா இருந்துச்சு."

மானம் போனது போகட்டும். என் வீட்டிலேயே ஒரு வாசகி! இத்தனை வருஷத் தனிமை இன்றோடு ஒழிந்தது. பாயில் நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லு அன்னம், சரோஜினி செஞ்சது சரியா, தப்பா? ஒன் அபிப்பிராயம் என்ன?"

அன்னக்கொடி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அதெல்லாம் மத்தியானமே சீனியம்மாகிட்டப் பேசி முடிச்சாச்சுங்க."