எர்மான்னோவின் தும்மல்

எர்மான்னோ சபதம் போட்டது குளியலறையில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு. மகள் ஃபியோரென்சாவைப் பந்தய வீராங்கனை ஆக்கியே தீருவது! நுரை காய்வதற்குள், அவன் கற்பனையில் அவள் உலகக் கோப்பையே வாங்கிவிட்டாள். பரிசு மேடையில் அப்பா பெயரைச் சொல்லி அழுதும் விட்டாள்.

மகளுக்கு எட்டு வயது. சலவை மெஷின் கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலே அடுத்த அறைக்கு ஓடிவிடுகிற பெண்.

எர்மான்னோவுக்கு சாலோ என்ற ஏரிக்கரை ஊரில் டைல்ஸ் கடை. அந்த ஏரிக்கரைச் சாலையில் அவனைவிட மெதுவாகப் போகிறவர்கள் யாரென்றால், காரை நிறுத்திவிட்டு மீன் பிடிக்கிறவர்கள்தான். அப்படியும் சொந்த வீட்டு கேட்டை மூன்று முறை இடித்திருக்கிறான். மனைவி ஒர்னெல்லா நேர் எதிர். மலைக் கிராமங்களுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே, பின்சீட்டுச் சண்டையைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து நிறுத்திவிடுவாள்.

"ஒர்னெல்லா, நம்ம பாப்பா கார்ட் ஓட்டப் போறா."

"என்னத்த?"

"கார்ட். குட்டிப் பந்தய வண்டி. பெரிய பந்தயக்காரங்க எல்லாம் அதுலதான் ஆரம்பிச்சாங்க."

"அவ இன்னும் சைக்கிளையே ஆரம்பிக்கல."

"அதெல்லாம் ரத்தத்துல இருக்கு."

"உங்க ரத்தமா? அது கேட்டுலதான் இருக்கு."

"அவளுக்கு ஒரு பிரேக் கிடைச்சாப் போதும், பாரு..."

"முதல்ல உங்க வாய்க்கு ஒரு பிரேக் பிடிங்க. அவளா ஆசைப்பட்டுக் கேட்டா ஓட்டட்டும். நீங்க பிடிச்சுத் தள்ளினா விடமாட்டேன்."

அந்தச் சனிக்கிழமையே, ஷூ வாங்கப் போவதாகச் சொல்லி, மகளைக் காரில் ஏற்றினான். கார் ஷூ கடையைத் தாண்டி, குழந்தைகளுக்குக் கார்ட் கற்றுத்தரும் பள்ளியில் போய் நின்றது. எலுமிச்சை ஐஸ்கிரீமைக் கையில் கொடுத்து வேலியோரம் நிறுத்தினான். வகுப்புத் தோழி ஒருத்தி பச்சை ஹெல்மெட்டோடு சர்ரென்று போய்க்கொண்டே கையசைத்தாள். ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது.

"அப்பா, நானும் ஓட்டட்டுமா?"

எர்மான்னோவுக்குக் கால் தரையில் இல்லை. "ஓட்டு, ஓட்டு! ஆனா அம்மாகிட்ட இப்பச் சொல்லாத."

"ஏன்?"

"ஜெயிச்சப்புறம் சொன்னா ஆச்சரியப்படுவா."

"அம்மா எதுக்குமே ஆச்சரியப்பட மாட்டாளே."

பயிற்சியாளர் தலீலா கழுத்தில் விசிலோடு திரிகிற குள்ளப் பெண்மணி. வளைவுக்கு முன்னாடியே பிரேக் போடு, முன்னால் போகிறவன் முதுகைப் பார்க்காதே, நீ போக வேண்டிய இடத்தைப் பார் என்று சொல்லிக்கொடுத்தாள். குழந்தைகளுக்கு உடனே புரிந்துவிட்டது. வேலிக்கு வெளியே நின்ற அப்பாக்களுக்குத்தான் புரியவில்லை. பல் டாக்டர், ரொட்டிக் கடைக்காரர், நோட்டரி என்று எல்லாருக்கும் மூடுபனியிலும் கறுப்புக் கண்ணாடி, முதுகில் பெயர் பொறித்த ஜாக்கெட். பந்தயம் பிள்ளைகளுக்கு, பந்தா அப்பாக்களுக்கு. அவர்கள் போட்ட கூச்சலில் எஞ்சின் சத்தமே கேட்காமல் போகவே, வேலியோரம் யாரும் வாய் திறக்கக் கூடாதென்று தலீலா சட்டம் போட்டாள்.

வாயைத்தானே திறக்கக் கூடாது? எர்மான்னோ சைகை மொழி கண்டுபிடித்தான். தொப்பியைக் கழற்றினால் மிதி. காதைச் சொறிந்தால் முந்து. கைக்குட்டையை எடுத்தால் பிரேக். மகளுக்குத் தூக்கத்திலும் மறக்காதபடி சொல்லிவைத்தான்.

முதல் குட்டிப் பந்தயம் மே மாதம் நடந்தது. ஃபியோரென்சா நாலாவதாக வந்துகொண்டிருந்தாள். எர்மான்னோ தொப்பியைக் கழற்றினான், மூன்றாவதானாள். அந்த நேரம் பார்த்து, பாப்ளர் மரத்துப் பஞ்சு பறந்துவந்து அவன் மூக்கில் ஏறியது. அடக்கினான். முடியவில்லை. கைக்குட்டையை உருவி ஒரு தும்மல் போட்டான்.

சொன்னபடி கேட்கிற பிள்ளை. நேர்பாதை நடுவில் பிரேக் போட்டாள்.

பின்னால் வந்த வண்டிகள் தொம் தொம்மென்று ஒன்றன் வாலில் ஒன்று மோதி, ரயில் பெட்டிகள் மாதிரி நின்றன. எல்லாம் ரப்பர் பட்டை கட்டிய வண்டிகள், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஹெல்மெட்டுக்குள் ஃபியோரென்சா தேம்பிக்கொண்டிருந்தாள்.

"நீதானேப்பா பிரேக் போடச் சொன்ன!"

"அது தும்மல்டா கண்ணு!"

"நான் இனிமே ஓட்டவே மாட்டேன்!"

பல் டாக்டர் ஓடிவந்து, "உன் மூக்கால என் பையன் கப்பு போச்சு!" என்று கத்தினார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தும்மியாச்சா, இன்னும் பாக்கி இருக்கா?"

ஒர்னெல்லா!

"நீ... நீ எப்படி இங்க?"

"இங்க ஓட்டுறதுல பாதிப் பிள்ளைங்க என் பஸ்ல வர்றவங்க. முதல் நாளே எனக்குச் சேதி வந்தாச்சு."

"அப்புறம் ஏன் சும்மா இருந்த?"

"அவளாத்தான் ஆசைப்பட்டுக் கேட்டாளாமே! நான் சொன்னதும் அதுதானே?"

ஒர்னெல்லா தலீலாவின் காதில் ஏதோ சொன்னாள். விசில் பறந்தது.

"அடுத்து அப்பாக்கள் பந்தயம்! பிள்ளைங்க வேலியோரம் நின்னு கத்தலாம்!"

பல் டாக்டருக்கு உடனே முதுகு பிடித்தது. நோட்டரிக்கு முட்டி. ரொட்டிக் கடைக்காரரைக் காணவே இல்லை. தப்பிக்க வழியில்லாமல் எர்மான்னோ மட்டும் வண்டிக்குள் திணிக்கப்பட்டான்.

"மிதிப்பா! ஐயோ, பிரேக்கு! இடதுல திரும்பு! அது வலதுப்பா! ஏம்ப்பா தூங்குற?" ஃபியோரென்சா தொண்டை கிழியக் கத்தினாள். கூடவே மற்ற பிள்ளைகளும். காது ஒரு பக்கம் இழுத்தது, கை ஒரு பக்கம் இழுத்தது. இரண்டாவது வளைவில் வண்டி பம்பரமாகச் சுற்றி, டயர் சுவரில் முட்டி, வந்த வழியைப் பார்த்து நின்றது.

தனியாக ஓடிய பந்தயத்திலும் அவன் முதலாவதாக வரவில்லை.

வண்டியிலிருந்து இறங்கி மகளிடம் வந்தான். "பாப்பா, யாராச்சும் கத்தினா ஒண்ணுமே ஓடலடா. இனிமே வாய், கை எதையும் அசைக்க மாட்டேன்."

சிரித்துச் சிரித்து ஃபியோரென்சாவுக்கு விக்கல் வந்துவிட்டது. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பாதியில் நின்ற பந்தயத்தை மறுபடி ஓட்டப் போனாள். யாரும் எதுவும் சொல்லாமலே ஐந்தாவதாக வந்து, குதித்துக் குதித்து ஓடிவந்தாள்.

எர்மான்னோவுக்குத் தெம்பு திரும்பியது. "அடுத்த சனிக்கிழமையும் நானே கூட்டிட்டு வர்றேன்!" என்றான்.

"பாப்பாவை ஒர்னெல்லா கூட்டிட்டு வருவா," என்றாள் தலீலா. "நீங்க அதுக்கு முந்தின வகுப்புக்கே வந்துடணும், சார்."

"நானா? எதுக்கு?"

"ஓட்டக் கத்துக்க. போன மாசமே உங்க பேரைச் சேர்த்தாச்சே."

எர்மான்னோ மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"பயப்படாதீங்க," என்றாள் ஒர்னெல்லா. "அந்த வகுப்புல எல்லாருக்கும் ஆறு வயசுதான். உங்களை அழ வைக்க மாட்டாங்க."