ஒன்பதாம் கணினி பணிந்த கதை

ஆறு மணி நேரமாக விரலளவுப் பென்டிரைவ் ஒன்றைத் தவிர வேறு படைக்கலம் ஏந்தாதவளே, எட்டுக் கணினிகளை வென்று ஒன்பதாவதன் கோட்டை வாசலில் நிற்பவளே, புதியவர் எவரேனும் பெயர் கேட்டால் மட்டும் கதவின் பின்னே ஒளிகிறவளே, பாப்பா என்று வீட்டார் அழைக்கும் பேராற்றலே, வாழ்க நின் விசைப்பலகை!

அவளுடைய மாமாவின் அச்சகத்தில் அரசு வீற்றிருந்த ஒன்பது கணினிகளும் ஒன்பது காலத்தில் வாங்கியவை; ஒன்றுக்கு ஒத்துக்கொண்டது மற்றொன்றுக்கு ஆகாது. அவற்றில் இயங்குதளம் நிறுவ இதுவரை வந்துகொண்டிருந்தவர் அத்தையின் தம்பி. கணினிக்கு ஒரு குறுந்தகடு, குறுந்தகட்டுக்கு ஒரு பெருமூச்சு என்று பெட்டி நிறையச் சுமந்து வருவார். அந்தப் பெட்டியைக் கண்ட பாப்பா, ஒருநாள் மேசைக்கடியில் வயர் சுருட்டியபடியே வஞ்சினம் உரைத்தாள்: "ஒரே பென்டிரைவ் போதும் மாமா. எல்லாத்துக்கும்."

மாமா முழங்கினார்: "கடை சாத்துறதுக்குள்ள ஒன்பதும் எழுந்து நின்னுட்டா இந்த வேலை இனிமே உனக்கு, சம்பளத்தோட. இல்லன்னா மச்சானையே கூப்பிட்டுக்கிறேன்."

முதுகணினிகள் நுழையப் பழைய வாசலும் இளங்கணினிகள் நுழையப் புதிய வாசலும் கொண்டு, நினைவகம் குறைந்தவற்றுக்கு இலேசான திரையும் நிறைந்தவற்றுக்கு ஆடம்பரத் திரையும் தானே தேர்ந்து தருமாறு அவள் சமைத்திருந்த அந்தப் பென்டிரைவின் முன், எட்டும் புயலில் வாழைகளெனச் சாய்ந்தன.

ஒன்பதாவது சாயவில்லை. மாமாவின் மேசையை ஒட்டி நின்ற அந்தக் கிழட்டு வேழத்துக்கு உயிருள்ள யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. பாதி வழியில் அது "கோப்பைக் காணவில்லை" என்று பிளிறிப் படுத்தது. முகம் கழுவப் போயிருந்த பாப்பா ஓடிவந்து, கோப்புதான் கெட்டதென எண்ணி, பென்டிரைவை அழித்து முதலிலிருந்து எழுதினாள். மறுபடி அதே பிளிறல். அப்போது அவள் டீ வாங்கப் போயிருந்தாள். சரக்கு மிகுதியோ என்று பாதியைக் குறைத்தாள். காகிதக்கட்டு இறக்கக் கைகொடுத்துவிட்டு வருவதற்குள் யானை மீண்டும் படுத்திருந்தது. ஒவ்வொரு முறையும் காவற்படைத் தலைவராக அமர்ந்திருந்தவர் மாமாதான். "நீ போயிட்டு வா பாப்பா, நான் கண்ணு இமைக்காம பாத்துக்கிறேன்."

பாப்பாவுக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிவிட்டு அவள் இறுதி வியூகம் வகுத்தாள். முதல் ஐந்து நிமிடத்திலேயே மூட்டை முடிச்சு அனைத்தையும் கணினியின் சொந்த வன்வட்டில் ஒரு மூலையில் இறக்கிவைத்துவிட்டால், அதன்பின் பென்டிரைவ் இருந்தால் என்ன, இறந்தால் என்ன! அவ்வாறே எழுதிச் செருகினாள். ஐந்து நிமிடம் கழிந்ததும், பார்த்துக்கொண்டிருக்க நெஞ்சு தாங்காமல் வாசலுக்குப் போய் நின்றாள்.

ஷட்டர் பாதி இறங்கியது. அத்தையின் தம்பி பெட்டியோடு குனிந்து உள்ளே வந்தார். அக்கணத்தில், கீழ்வானில் கதிரவன் எழுந்தாற்போல ஒன்பதாம் திரையில் நீல ஒளி எழுந்தது, அச்சு இயந்திரங்கள் முரசறைந்தன, பெட்டி தரையில் தாழ்ந்தது, "ஜெயிச்சிட்டியேம்மா!" என்று கல்லாவில் இருந்த அத்தை கூவினாள்.

வாகை சூடிய பாப்பா தன் பென்டிரைவை உருவக் குனிந்தாள். அது பசைப் புட்டியின் அருகே கிடந்தது. துளையில் இருந்தது ஒரு கறுப்பு வயர். அதன் மறுமுனையில், தம்மை மறந்து யாருடனோ பேசிக்கொண்டிருந்த மாமாவின் காது.

அவர் மெல்ல நிமிர்ந்தார்.

"ஓட ஆரம்பிச்சதுக்கப்புறம் பென்டிரைவ் எதுக்குன்னு, ஒவ்வொரு தடவையும் நீ அந்தப் பக்கம் போனதும் அதைக் கழட்டிட்டு போனுக்கு சார்ஜ் போட்டேன்."